பனியைத் தேடிப் போகும் கப்பல்

கப்பல் சுற்றுலா என்றால் வெயிலும் நீச்சல்குளமும்தான் என்று நினைப்பவர்களுக்கு அலாஸ்கா பிடிக்காது. கோடையிலும் ஸ்வெட்டர் வேண்டும். வழியில் வரும் கெட்சிகன் ஊரில் ஆண்டுக்கு 3,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை. இவ்வளவு காசு கொடுத்து நடுங்குவானேன் என்று அவர்கள் கேட்பது நியாயம்தான்.

ஆனால் அங்கே கிளேசியர் பே என்ற விரிகுடா இருக்கிறது. 1794-இல் கடலோடி ஜார்ஜ் வான்கூவரின் மாலுமிகள் வந்தபோது அதை ஏறக்குறைய முழுதாகப் பனி அடைத்திருந்தது. அந்தப் பனி சுமார் 100 கிலோமீட்டர் பின்வாங்கிவிட்டது. அது விட்டுப்போன பள்ளத்தில்தான் இன்று கப்பல் நுழைகிறது. நாளொன்றுக்கு இரண்டு பெரிய கப்பல்களுக்கு மேல் அனுமதியில்லை. மார்ஜரி பனியாற்றின் எதிரே கப்பல் நின்றுவிடும். எல்லோரும் குல்லாயும் கையுறையுமாக மேல்தளத்தில் காத்திருப்பார்கள். நீலப்பனி பிளந்து கடலில் சரிவது முதலில் கண்ணுக்குத் தெரியும். இடி போன்ற ஓசை பிறகுதான் வந்து சேரும்.

மலையேற முடியாத முதியவர்கள்கூட நாற்காலியில் அமர்ந்தபடி ஒரு பனியாற்றைப் பார்த்துவிடலாம். அதற்காகவே குளிரைப் பொறுத்துக்கொள்ளலாம் என்பேன். போகிறவர்கள் மே மாதத்தில் போங்கள். அப்போது அங்கே மழை சற்றுக் குறைவு.