பொம்மை வாங்க நாங்களே போட்டுக்கொண்ட சட்டம்

(நவராத்திரிக்கு முந்தைய கூட்டமைப்புக் கூட்டத்தில் எங்கள் குழுவின் சார்பில் பேசியது)



போன மாதம் இதே இடத்தில் கறவை மாட்டுக் கடனைப் பற்றிப் பேசினார்கள். அதற்கு முந்தின மாதம் தணிக்கை. எங்களை மட்டும் பொம்மையைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள். எங்கள் குழுவிலும் முதலில் சிரிக்கத்தான் செய்தார்கள்.

முந்தின வருஷம் ஆடி மாதக் கூட்டத்தில் ஒரு உறுப்பினர் உள்கடன் ரூ.4,000 கேட்டார். நோட்டில் என்ன காரணம் எழுதுவது என்று கேட்டோம். "தசாவதாரம் செட் வாங்கணும்" என்றார். அவருடைய அம்மாவிடம் பத்து அவதாரமும் இருந்ததாம். அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்த வருஷம், வீடு தேடி வந்த பழைய சாமான் வியாபாரியிடம் அம்மா அந்தப் பெட்டியைத் தூக்கிக் கொடுத்துவிட்டார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் கொலுவே வைக்கவில்லை. இப்போது இவருக்கு ஐம்பது வயது. அம்மா கண்ணை மூடுவதற்குள் அதே பத்தையும் வரிசையாக வைத்துக் காட்ட வேண்டும் என்று ஆசை.

அன்றைக்குப் பெரிய வாக்குவாதம் நடந்தது. "கடன் நோட்டுல பொம்மைன்னு எழுதினா தணிக்கைக்கு வர்றவங்க என்ன நினைப்பாங்க?" என்று ஒருவர். "சீர் செய்யக் கடன் கொடுக்கிறோமே, அதுல என்ன வருமானம் வருது?" என்று இன்னொருவர். அதே வாரம் வேறொரு உறுப்பினர் மகளின் கல்லூரிக் கட்டணத்துக்குக் கேட்டிருந்தார். கையிருப்பு ஒருவருக்குத்தான் போதும். கல்லூரிக்குக் கொடுத்தோம். பொம்மைக்கு உள்கடன் கிடையாது என்று தீர்மானமும் எழுதினோம். ஆனால் எழுதிவிட்டு எழுந்து போக யாருக்கும் மனசு வரவில்லை. ஏனென்றால் அந்தப் பேச்சில் ஒரு விஷயம் வெளியே வந்துவிட்டது. எங்களில் பாதிப் பேர் வீட்டுப் பரணில் பழைய பொம்மை இருக்கிறது. மீதிப் பேர் மனசில் இருக்கிறது. வருஷா வருஷம் திருவிழாக் கடையில், கண்காட்சியில், இப்போது செல்போனில், கண்டதை வாங்கிச் சேர்ப்பதும் அதனால்தான்.

அதனால் வாங்கவே கூடாது என்று சொல்லாமல், எப்படி வாங்குவது என்று பேசினோம். அப்படி வந்தவைதான் இந்தச் சட்டங்கள்.

முதல் சட்டம்தான் எங்களுக்கு ரொம்பக் கைகொடுத்தது. கடைக்குப் போகும் முன்பே, சின்ன வயசில் நாம் கையில் பிடித்த பொம்மை எது, கண்ணால் பார்த்து ஏங்கிய பொம்மை எது என்று ஒரு பக்கம் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். அந்தப் பக்கத்தில் இருப்பதை மட்டும்தான் வாங்கலாம். கடையில் பார்த்ததும் ஆசை வருகிறதே, அது அந்தப் பட்டியலில் சேராது.

எழுதச் சொன்னபோது என்னவெல்லாம் வந்தது தெரியுமா! ஒருவர், "கறுப்பு மரப்பாச்சி ஜோடி, பெண் பொம்மைக்கு மூக்கு தேஞ்சிருக்கும்" என்று எழுதினார். இன்னொருவர், சித்திரைத் திருவிழாவில் ஓலைப்பெட்டியோடு வாங்கிய மரச் சொப்பு, அதில் அம்மியும் குழவியும் மட்டும் தொலைந்துபோனது என்று எழுதினார். தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மையை எழுதியவர்கள் மூன்று பேர். சாய்த்தாலும் நிமிர்ந்துவிடும் உருண்டை பொம்மை ஒருவருக்கு. தலை தனியாக, இடுப்பு தனியாக ஆடுகிற பெண் பொம்மை இன்னொருவருக்கு. மூன்றாவது ஆளுக்கு இரண்டும் வேண்டுமாம்! தேவாலயத்துக்குப் போகும் எங்கள் தோழி ஒருவர், கிறிஸ்துமஸ் குடிலில் ஆட்டுக்குட்டியைத் தோளில் போட்டிருக்கும் மேய்ப்பனை எழுதினார். அவர் வீட்டுக் குடிலில் ராஜாக்கள் மூன்று பேரும் இருக்கிறார்கள், மேய்ப்பன்தான் இல்லை.

ஒருவர் மட்டும் தாளை வெறுமனே கொடுத்தார். "எங்க வீட்ல ஏது பொம்மை? கம்மாய்க் களிமண்ல நானே மாடு செஞ்சு விளையாடுவேன், மழை பேஞ்சா கரைஞ்சு போயிரும்" என்றார். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு அவர் தாளில் களிமண் மாடு என்று நாங்களே எழுதினோம். அவர் வாங்க வேண்டியது எதுவும் இல்லை. போன வருஷம் பேத்தியோடு உட்கார்ந்து ஒரு ஜோடி மாடு செய்தார். கொம்பு மட்டும் சரியாக வரவில்லை என்று அவருக்கு இன்னும் குறைதான்.

பணத்துக்கான சட்டம் சின்னது. பொம்மைக்கென்று தனி உண்டியல். வாரம் ரூ.30. சித்திரையில் தொடங்கி நவராத்திரி வரை 22 வாரம் என்று வைத்தால் ரூ.660 சேரும். அதற்கு மேல் ஒரு ரூபாய் கிடையாது. உள்கடன், வங்கிக் கடன், அடகு, செல்போன் தவணை எதையும் தொடக் கூடாது. தசாவதாரம் கேட்ட உறுப்பினர் பத்தையும் மூன்று வருஷமாகப் பிரித்துக்கொண்டார். போன வருஷம் மச்சம், கூர்மம், வராகம், நரசிம்மம் வந்தாயிற்று. இந்த வருஷம் வாமனர், பரசுராமர், ராமர்.

இதில் ஒரு நெளிவு சுளிவு உண்டு. செட்டைப் பிரித்து வாங்கினால் ஒன்று உயரமாகவும் ஒன்று குட்டையாகவும் அமைந்துவிடும். அதனால் கடையை விட்டுவிட்டுச் செய்கிறவர்களிடமே போனோம். திருப்பரங்குன்றம் பக்கத்து விளாச்சேரியை உங்களுக்குத் தெரியும். விநாயகர், கொலு, கிறிஸ்துமஸ் குடில் என்று வருஷம் முழுக்க அங்கே பொம்மை வேலைதான். ஒரே வீட்டில் வாங்கினால் அடுத்த வருஷமும் அதே அச்சில் எடுத்துத் தருகிறார்கள். மண்ணைப் பிசைந்து, அச்சில் எடுத்து, காயவைத்து, சுட்டு, வர்ணம் தீட்டி ஒரு பொம்மை முடிவதைப் பக்கத்தில் இருந்து பார்த்தோம். நாலு நாள் விடாமல் மழை பெய்தால் அத்தனை வேலையும் நிற்கிறது. பார்த்துவிட்டு வந்த பிறகு, செய்கிறவர் சொல்லும் விலையில் பேரம் பேச எங்களில் பலருக்கு வாய் வரவில்லை. இது சட்டம் இல்லை. பேரம் பேசுகிறவர்கள் இப்போதும் பேசுகிறார்கள்!

புதுசு வாங்கும் முன்பு பழசைச் சரிபார்க்க வேண்டும். கை உடைந்தால் எம்-சீல் வைத்து ஒட்டி, காய்ந்ததும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து வர்ணம் பூசினால் போதும். மண் பொம்மையையும் காகிதக்கூழ் பொம்மையையும் தண்ணீரில் கழுவவே கழுவாதீர்கள், வர்ணம் போய்விடும். காய்ந்த பிரஷ்ஷால் தூசி தட்டி, பழைய வேட்டித் துணியில் சுற்றி வையுங்கள். பழைய பொம்மையில் வர்ணம் உதிர்ந்தால் கைக்குழந்தையிடம் கொடுக்க வேண்டாம். அந்தக் காலத்து வர்ணத்தில் ஈயம் இருக்கலாம். குழந்தை எடுத்ததும் வாயில்தானே வைக்கும்.

இடத்துக்கும் அளவு உண்டு. வீட்டுக்கு ஒரு டிரங்குப் பெட்டி. மூடி மூடவில்லை என்றால் ஒன்றை யாருக்காவது கொடுத்துவிட்டுத்தான் அடுத்தது.

கண்ணால் பார்க்காமல், கையில் எடுக்காமல் வாங்கக் கூடாது என்றும் எழுதியிருக்கிறோம். முக்கியமாக, பழங்காலத்துச் செம்மர மரப்பாச்சி என்று செல்போனில் படம் காட்டி ஆயிரக்கணக்கில் விலை சொல்கிறார்கள். சாதாரண மரத்துக்குச் சாயம் ஏற்றியிருந்தால் படத்தைப் பார்த்து எப்படிக் கண்டுபிடிப்பது?

இந்த இடத்தில் நம் பையன்களையும் சொல்ல வேண்டும். ஆசை நமக்கு மட்டும் இல்லை. 90-களில் சின்னப் பையனாக இருந்தவர்கள் இப்போது குடும்பஸ்தர்கள். அன்றைக்கு அப்பா வாங்கித் தராத ஜி.ஐ. ஜோ சிப்பாய் பொம்மையை இன்றைக்குத் தேடித் தேடி வாங்குகிறார்கள். ஃபன்ஸ்கூல் கம்பெனி அதை இந்தியாவிலேயே செய்து விற்றது. பழசு, பெட்டி பிரிக்காதது என்றால் விலை எங்கேயோ போகிறது. அதைப் பொம்மை என்று சொன்னால் கோபம் வேறு வருகிறது, ஆக்‌ஷன் ஃபிகர் என்று சொல்ல வேண்டுமாம். 1964-இல் அமெரிக்காவில் ஹாஸ்ப்ரோ கம்பெனி ஜி.ஐ. ஜோவைக் கொண்டுவந்தபோது, பொம்மை என்றால் ஆண் பிள்ளைகள் தொட மாட்டார்கள் என்றுதான் அந்தப் பேரையே வைத்தார்களாம். அங்கேயும் இதே கதைதான் பாருங்கள். எங்கள் உறுப்பினர் ஒருவரின் மகன், அம்மாவின் தாளைப் பார்த்துவிட்டுத் தானும் எழுதினான். அவன் கையில் பிடித்தது இரண்டே இரண்டு சிப்பாய். வாங்க நினைத்திருந்ததோ பதினாலு. பன்னிரண்டை அவனே அடித்துவிட்டான்.

கடைசிச் சட்டம் தசாவதாரம் போன கதையைக் கேட்டு வந்தது. கஷ்டத்தில் இருக்கும் வீட்டில் பழைய பொம்மையை மலிவாகக் கேட்டு வாங்கக் கூடாது. உறுப்பினர் யாருக்காவது விற்றே ஆக வேண்டிய நிலை வந்தால், பொம்மை உண்டியல்களில் இருந்து ஆளுக்குக் கொஞ்சம் போட்டுப் பணத்தைக் கொடுத்து, பெட்டியைக் குழுவே வாங்கி வைக்கும். ஒரு வருஷத்துக்குள் அதே தொகையைத் திருப்பிக் கொடுத்தால் பெட்டி அவருக்கே. வட்டி கிடையாது. "வட்டியில்லாம கொடுத்துப் பழகினா குழு என்னத்துக்கு ஆகும்?" என்று எங்கள் பொருளாளர் இன்றைக்கும் கேட்கிறார். கேட்க வேண்டியதுதான், அவர் வேலை அது. அதனால் வருஷத்துக்கு இரண்டு பெட்டிக்கு மேல் எடுப்பதில்லை என்று அவரே ஒரு வரி சேர்த்தார்.

இப்போது குழு அலமாரியின் கீழ்த்தட்டில் ஒரு பெட்டி இருக்கிறது. யாருடையது என்று சொல்வதில்லை. உள்ளே இருப்பவற்றை எண்ணி எழுதி, இரண்டு பேர் கையெழுத்துப் போட்டு, துணியில் கட்டி வைத்திருக்கிறோம். போன வாரம் அவர் முதல் தவணையாக ரூ.200 கட்டினார். நவராத்திரிக்குள் முழுப் பணமும் வராது. அந்தப் பத்து நாளும் பெட்டியை அவர் வீட்டுக்குக் கொண்டுபோய் வைத்துக்கொள்ளலாம், விஜயதசமி முடிந்ததும் திருப்பிக் கொண்டுவந்தால் போதும் என்று முடிவு செய்திருக்கிறோம். பொருளாளரும் சரி என்றுவிட்டார்.