கணினியின் செலவுக் கணக்கு



தமிழக அரசு 2011ஆம் ஆண்டு முதல் மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினிகளை வழங்கத் தொடங்கியது. அவற்றுட் சில, படித்து முடித்தோர் கையினின்று மாறி, இன்று சுங்குவார்சத்திரத்தில் நம் மாலை வகுப்பில் உள்ளன. அவை இடையிடையே அசையாது நின்றுவிடுகின்றன. அப்போதெல்லாம் நம் பிள்ளைகள், "எங்களுக்குக் கம்ப்யூட்டர் வராது" என்கின்றனர். பொறி நிற்க, பழியைப் பிள்ளை தன்மேல் ஏற்றுக்கொள்கிறது. இதைக் கேட்டுக்கொண்டு நாம் வாளாவிருத்தல் இயலாது.

பொறி ஏன் நிற்கிறது? ஓடும் ஒவ்வொரு நிரலும் நினைவகத்தில் இடம் பிடிக்கிறது. நுண்செயலியின் நேரத்திலும் பங்கு கேட்கிறது. நம்மிடமுள்ள 2 ஜி.பி. நினைவகம் நிரம்பிவிட்டால், இயங்குதளம் அதிலுள்ளவற்றுள் சிலவற்றை வன்தட்டில் கொண்டுபோய் வைக்கிறது. வேண்டும்போது திரும்பக் கொணர்கிறது. வன்தட்டோ நினைவகத்தைவிடப் பல்லாயிரம் மடங்கு மெதுவானது. செய்யும் வேலையினும் சுமந்து திரியும் வேலை மிகுந்துவிடுகிறது.

விண்டோஸில் 'டாஸ்க் மேனேஜர்', லினக்ஸில் 'டாப்' என்னும் கட்டளை, எந்த நிரல் எவ்வளவு தின்கிறது என்று வரிசையாகக் காட்டும். நம் வகுப்பில் திறந்து பார்த்தோம். மாணவி எழுதிய சிறு நிரல் பட்டியலின் அடியில் கிடந்தது. உச்சியில் இருந்தவை பன்னிரண்டு பக்கங்கள் திறந்த உலாவியும், எவரும் கேளாமலே தொடங்கிய புதுப்பித்தலும். உலாவியை மூடி, புதுப்பித்தலை இரவுக்குத் தள்ளினோம். அவள் நிரல் ஓடிற்று.

முன்னாளில் இக்கணக்கு மிகக் கண்டிப்பானது. 1973இல் சென்னை ஐ.ஐ.டி.யில் ஐ.பி.எம். 370/155 கணினி அமைந்தது. அவ்வகைக் கணினிகளில், எத்தனை நிமிடம், எவ்வளவு நினைவகம் என்பதைத் துளையிட்ட அட்டையிலேயே குறிக்கலாம்; வரம்பு மீறிய வேலை நிறுத்தப்படும். லினக்ஸில் நிரற்கூட்டங்களுக்கு நினைவக வரம்பு கட்டும் பகுதி 2008இல் சேர்ந்தது. அதனை எழுதியோருள் முதன்மையானவர் பல்பீர் சிங் என்னும் இந்தியப் பொறியாளர். இதை நம் இளைஞர் மறவாதிருத்தல் நன்று.

தொழிற்சாலைகளில் கைப்பேசி பூட்டும் நம் சகோதரியர்க்கும் ஒரு செய்தி: நினைவகம் குறைந்தால், பின்னணியில் கிடக்கும் செயலிகளைக் கைப்பேசி தானே மூடிவிடும்.

ஆனால், பெயர் தெரியாத நிரலைக் கண்டவுடன் நிறுத்தலாகாது. இயங்குதளத்தின் சொந்தப் பணிகளும் அப்பட்டியலில் உண்டு. எவை எவை என்பதை ஞாயிறு காலை வகுப்பில் பார்ப்போம். ஷிப்டு முடிந்து வருவோர்க்கு அதே பாடம் மாலையிலும் நடைபெறும். பழுதென்று பரணில் போட்ட மடிக்கணினி இருப்பின், அதையும் எடுத்து வருக.