அணைப் பாதுகாப்பில் முன்னுரிமை: இடர் பகுப்பாய்வின் இடம்

அணைப் பாதுகாப்பு குறித்த இம்மாநாட்டில் இத்தலைமை உரை ஒரு கேள்வியை அவையின் முன் வைக்கிறது. செப்பனிட வேண்டிய அணைகள் பலவாகவும், அதற்கான நிதியும் பயிற்சி பெற்ற ஆட்களும் குறைவாகவும் இருக்கையில், முதலில் எந்த அணையில் கை வைப்பது, அந்த அணையிலும் முதலில் எந்த வேலையை எடுத்துக்கொள்வது?

இந்தியாவில் பெரிய அணைகள் ஐயாயிரத்துக்கும் மேல். அவற்றுள் இருநூறுக்கும் மேற்பட்டவை நூறாண்டைக் கடந்தவை. உலக வங்கியின் உதவியுடன் 2012இல் தொடங்கிய அணைகள் புனரமைப்பு மற்றும் மேம்பாட்டுத் திட்டத்தின் முதற்கட்டத்தில், தமிழ்நாடு உள்ளிட்ட ஏழு மாநிலங்களின் 223 அணைகளில் பணிகள் நடந்தன. 2021ஆம் ஆண்டின் அணைப் பாதுகாப்புச் சட்டம், அது நடைமுறைக்கு வந்த நாளிலிருந்து ஐந்தாண்டுக்குள் அதன் கீழ் வரும் ஒவ்வோர் அணைக்கும் முதல் இடர் மதிப்பீட்டைச் செய்து முடிக்க வேண்டும் என்று அணையின் உரிமையாளர்களுக்குக் கடமை விதித்துள்ளது. ஆகவே இந்தக் கேள்வி ஆய்வரங்கத்தோடு நின்றுவிடுவதன்று. கோப்புகளில் கையொப்பமிட வேண்டியவர்களின் மேசைக்கே வந்துவிட்டது.

இத்துறையில் இடர் என்பது மூன்று மதிப்பீடுகளின் பெருக்கற்பலனாகக் கொள்ளப்படுகிறது. வெள்ளமோ நிலநடுக்கமோ நிறைநீரின் அழுத்தமோ எவ்வளவு அடிக்கடி அணையின் மேல் வந்து தாக்கும் என்பது முதலாவது. அப்படித் தாக்கும்போது அணை தாங்காமல் போகும் வாய்ப்பு எவ்வளவு என்பது இரண்டாவது. அணை உடைந்தால் கீழே வாழும் மக்களுக்கும் உடைமைக்கும் என்ன நேரும் என்பது மூன்றாவது. நெடுங்காலம் பொறியியல் முதலிரண்டை மட்டுமே, அதுவும் விதிமுறைகளின் வடிவில், கருதி வந்தது. இன்ன அளவு வெள்ளத்தைக் கடத்தும் உபரிநீர்ப் போக்கி வேண்டும், கரையின் சரிவுக்கு இன்ன அளவு காப்புக் காரணி வேண்டும் என்று வகுத்த அந்த விதிமுறைகள் எத்தனையோ அணைகளைக் காத்துள்ளன என்பதில் ஐயமில்லை. ஆனால் அவை தேறியதா, தேறவில்லையா என்ற விடையைத்தான் தரும். நூறு அணைகள் தேறாதபோது அந்த நூற்றுள் எது முதலில் என்று அவை சொல்வதில்லை. அந்த இடைவெளியைப் பெரும்பாலும் அணையின் வயது, கண்ணுக்குத் தெரியும் வெடிப்பு, உரக்க எழும் கோரிக்கை ஆகியவையே நிரப்பி வந்துள்ளன.

மூன்றாவது மதிப்பீட்டின் கனத்தை இரண்டு நிகழ்ச்சிகள் உணர்த்துகின்றன. குஜராத்தின் மோர்பி நகருக்குச் சில கிலோமீட்டர் மேலே இருந்த மச்சு இரண்டாம் அணை, 1979 ஆகஸ்ட் 11 அன்று உடைந்தது. நொடிக்கு ஏறத்தாழ 5,660 கன மீட்டர் நீரைக் கடத்துமாறு வடிவமைக்கப்பட்ட அந்த அணைக்கு, அன்று ஏறத்தாழ மூன்று மடங்கு வெள்ளம் வந்தது. நீர் மண் கரைகளின் மேல் ஏறி வழிந்து அவற்றை அரித்துச் சென்றது. தொலைத்தொடர்பு அறுந்துபோயிருந்ததால் நகருக்கு உரிய எச்சரிக்கை கிட்டவில்லை. இறந்தோரின் தொகை இன்றளவும் உறுதிப்படவில்லை என்றாலும், மிகக் குறைந்த மதிப்பீடுகளே ஆயிரத்தைத் தாண்டுகின்றன. அதற்கு மூன்றாண்டு முன்னர், 1976 ஜூன் 5 அன்று, அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் 93 மீட்டர் உயரமான டீட்டன் அணை, முதன்முறையாக நீர் நிரப்பப்படும்போதே உடைந்தது. மச்சு அணை தேக்கிவைத்திருந்த நீர் ஏறத்தாழ 10 கோடி கன மீட்டர். டீட்டனில் இருந்ததோ அதைப் போல ஏறத்தாழ மும்மடங்கு. எனினும் டீட்டனில் இறந்தோர் பதினொருவர். கசிவு காலையிலேயே கண்ணில் பட்டது. உடைப்பு நண்பகலை ஒட்டி நேர்ந்தது. அதற்கு ஒரு மணி நேரத்துக்கும் முன்பே கீழுள்ள ஊர்களின் காவல் அலுவலர்களுக்குத் தகவல் போயிற்று. மக்கள் நெருக்கமும் நிலத்தின் அமைப்பும் இரண்டிடங்களிலும் வேறு என்பது மெய்யே. ஆயினும் மாண்டோரின் எண்ணிக்கையை நீரின் அளவைவிட எச்சரிக்கையே அதிகமாக நிர்ணயித்தது என்ற முடிவைத் தவிர்க்க முடியாது.

அமெரிக்க நீர்வள மீட்புத் துறையின் பொறியாளர் வேன் கிரஹாம் 1999இல் பழைய உடைப்புகளை ஆராய்ந்து வகுத்த மதிப்பீட்டு முறையும் இதையே உறுதிசெய்கிறது. வீடுகளைச் சிதைக்கும் நடுத்தரக் கடுமையுள்ள வெள்ளத்தில், எச்சரிக்கை இல்லாதபோது நூற்றுக்குப் பதினைந்து பேர் மடியக்கூடும் என்றும், ஒரு மணி நேரத்துக்கு மேல் எச்சரிக்கை கிடைத்து, வரப்போவது என்ன என்று மக்களுக்கும் தெளிவாகப் புரிந்திருந்தால் அது நூற்றுக்கு ஒன்றாகக் குறையும் என்றும் அம்முறை கொள்கிறது. ஒரு சைரனும், எந்த மேட்டுக்கு ஓட வேண்டும் என்று ஊராருக்கு அளிக்கப்படும் பயிற்சியும், கோடிகளில் எழுப்பப்படும் சுவருக்கு நிகராக இடரைக் குறைக்கும் இடங்கள் உண்டு. நிதிப் பட்டியல்களில் அவை கடைசி வரிசையில் நிற்பது வருந்தத்தக்கது.

இனி, அணை தாங்காமல் போகும் வாய்ப்பை எவ்வாறு கணிப்பது? இதற்கு இடர் பகுப்பாய்வு கைக்கொள்ளும் வழி, உடைப்பு எந்தப் பாதையில் நேரக்கூடும் என்பதைத் தொடக்கம் முதல் முடிவுவரை படிப்படியாக எழுதிப் பார்ப்பதாகும். 2024 ஆகஸ்ட் 10 இரவு துங்கபத்திரை அணையின் 33 மதகுகளுள் 19ஆம் எண் மதகின் சங்கிலி அறுந்து, ஷட்டர் அடித்துச் செல்லப்பட்ட நிகழ்ச்சியை இதற்கு எடுத்துக்கொள்ளலாம். துருவும் தேய்மானமும் ஒரு கண்ணியைப் பலவீனப்படுத்துவது முதற்படி. அணை நிறைந்திருக்கும் நாளில் அது அறுவது இரண்டாம் படி. ஷட்டர் போன இடத்தை அடைக்க உடனே இறக்கத்தக்க தடுப்புப் பலகை அங்கு இல்லாதது மூன்றாம் படி. மற்ற மதகுகளைத் திறந்து நீர்மட்டத்தைத் தணிப்பது நான்காம் படி. ஏறத்தாழ ஒரு வார உழைப்பில் தற்காலிகத் தடுப்புகள் இறக்கப்பட்டன. அணைக்கட்டுக்குத் தீங்கு நேரவில்லை என்றாலும் பாசனத்துக்கான நீர் பெருமளவு வீணாயிற்று. இவ்வாறு படிகளைப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் வாய்ப்பைக் கணித்தால், எந்தப் படியில் குறைந்த செலவில் பாதையை அறுக்கலாம் என்பது தானே புலப்படும். மதகுச் சங்கிலியை மாற்றுவதும், ஒரு தொகுதித் தடுப்புப் பலகையைக் கரையில் ஆயத்தமாக வைப்பதும், மின்சாரம் போனால் ஷட்டரை இயக்க டீசல் ஜெனரேட்டர் நிறுத்துவதும் சிறிய வேலைகளே.

மண் அணைகளில் இன்னும் நுட்பமான பாதை உள் அரிப்பு ஆகும். கரையின் ஊடே கசியும் நீர் நுண்மண்ணைத் துகள் துகளாக வெளியே கொண்டுவந்து, உள்ளே குழாய்போல் வழி உண்டாக்குவதே உள் அரிப்பு. உலகெங்கும் மண் அணைகள் உடைந்ததற்கு ஏறத்தாழ சரிபாதிக் காரணம் இதுவே. டீட்டனும் இவ்வழியில்தான் அழிந்தது. இதற்கு வெள்ளமே தேவையில்லை. கசிவு நீர் தெளிவாக வருகிறதா, கலங்கி வருகிறதா என்பதை நாள்தோறும் கரையடியில் நின்று பார்க்கும் லஸ்கரின் குறிப்பேடு, இவ்வகையில் விலைமதிப்பற்ற அறிவியல் ஆவணமாகும்.

கணக்கு முன்னுரிமையாக மாறும் விதத்தைக் கற்பனையான இரண்டு அணைகளைக் கொண்டு விளக்கலாம். முதல் அணை பழையது, வெடிப்புகள் தெரிவது, ஆண்டொன்றுக்கு ஐந்நூற்றில் ஒரு பங்கு உடையும் வாய்ப்புள்ளது. உடைந்தால் இருவர் உயிரிழக்கக்கூடும். இரண்டாவது பார்வைக்குத் திடமானது, உடையும் வாய்ப்பு ஐயாயிரத்தில் ஒரு பங்கு. ஆனால் கீழே நகரம் இருப்பதால் முந்நூறு பேர் மடியக்கூடும். ஆண்டுச் சராசரி உயிரிழப்பு முதலாவதில் 0.004, இரண்டாவதில் 0.06; பின்னதே பதினைந்து மடங்கு பெரிது. அதற்காக முன்னதைக் கைவிடலாகாது. மேற்சொன்ன அமெரிக்கத் துறை இரண்டு அளவுகோல்களை ஒருசேரக் கையாள்கிறது: ஆண்டுச் சராசரி உயிரிழப்பு 0.001ஐ மிஞ்சக் கூடாது. உடையும் வாய்ப்பும் ஆண்டுக்குப் பத்தாயிரத்தில் ஒன்றை மிஞ்சக் கூடாது. இவ்விரண்டையும் முதல் அணை மீறுகிறது. ஆகவே அதற்கும் வேலை உண்டு, வரிசையில்தான் பின்னது.

இந்த வரிசைப்படுத்தல் ஏட்டளவில் நின்றுவிடவில்லை. 2005இல் கத்ரினா புயலின்போது நியூ ஆர்லியன்ஸ் நகரின் வெள்ளத்தடுப்புக் கரைகள் உடைந்த பின்னர், அமெரிக்க ராணுவப் பொறியாளர் படை தன் பொறுப்பிலுள்ள ஏறத்தாழ 700 அணைகளையும் சலித்தெடுத்து ஐந்து வகுப்புகளாகப் பிரித்தது. மிக அவசர வகுப்பில் இடம்பெற்றவற்றுள் ஒன்று, கென்டக்கி மாநிலத்தின் உல்ஃப் கிரீக் அணை. சுண்ணாம்புப் பாறைக் குகைகளின் மேல் அமர்ந்த அந்த அணையில் 1960களிலேயே கலங்கிய கசிவும் நிலக்குழிகளும் தோன்றின. 1970களில் தடுப்புச்சுவர் எழுப்பியும் கசிவு முற்றும் அடங்கவில்லை. புதிய, ஆழமான சுவர் 2013இல்தான் முடிந்தது. ஆனால் 2007இலேயே நீர்மட்டம் தாழ்த்தப்பட்டது. சுற்றுலாவும் மின்னுற்பத்தியும் பாதிக்கப்பட்டபோதிலும், நிரந்தரப் பணி முடியும்வரை மக்களை இடரில் விட்டுவைக்காமல் இடைக்கால நடவடிக்கை எடுத்த அந்தத் துணிவு, பாசனத்துக்கு ஒவ்வோர் அடி நீரையும் எதிர்பார்க்கும் நாட்டில் இன்னும் கடினமானது. ஆயினும் இன்னும் இன்றியமையாதது.

இம்முறையின் எண்கள் பெரிதும் வல்லுநரின் மதிப்பீட்டில் பிறப்பவை என்பதும், அவை பத்து மடங்குகூடப் பிழைபடலாம் என்பதும் நியாயமான ஆட்சேபங்களே. கலிஃபோர்னியாவின் ஓரவில் அணை அதற்குச் சான்று. பலமுறை ஆய்வு செய்யப்பட்ட அந்த அணையின் உபரிநீர்ப் போக்கித் தளம் 2017 பிப்ரவரியில் பெயர்ந்தது. ஏறத்தாழ 1,88,000 பேர் வெளியேற்றப்பட்டனர். இவ்வாறு, எழுதிப் பார்க்கப்படாத பாதைக்கு எந்தக் கணக்கிலும் இடமிருப்பதில்லை. எனவே கணிப்புகள் ஒற்றை எண்ணாக வராமல், மேல்வரம்பு கீழ்வரம்புடன், ஏன் அவ்வாறு கணிக்கப்பட்டது என்ற காரணத்துடன் பதிவாக வேண்டும்.

உயிர்க்கணக்கில் யார் சேர்க்கப்படுகிறார்கள் என்பது அதனினும் பெரிய கேள்வி. சேதத்தை ரூபாயில் மட்டும் அளந்தால் தொழிற்பேட்டைக்கு மேலுள்ள அணை எப்போதும் முந்தும். ஆற்றுப் புறம்போக்கில் குடிசையிட்டு வாழ்வோரும், செங்கல் சூளையில் பருவந்தோறும் வந்து தங்கும் குடும்பங்களும், ஆற்றுப்படுகையில் இரவில் உறங்குவோரும் கணக்குக்கு வெளியே நிற்பார்கள். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அவர்களை வேறோர் ஊரில் பதிந்திருக்கலாம். வெள்ளம் அவர்களை அவர்கள் படுத்திருக்கும் இடத்தில்தான் சந்திக்கும். ஆகவே வெள்ளம் சூழும் பகுதிகளின் வரைபடங்களை ஊராட்சிகளுடன் அமர்ந்து, இரவு நேர மக்கள்தொகையையும் சேர்த்துத் திருத்த வேண்டும் என்பதும், இடர் மதிப்பீட்டு அறிக்கைகளின் சுருக்கத்தைத் தமிழில், அந்தந்த அணைக்குக் கீழுள்ள ஒவ்வோர் ஊராட்சி அலுவலகத்திலும், வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் வைக்க வேண்டும் என்பதும் இம்மாநாடு தீர்மானமாக நிறைவேற்றி அரசுக்கு அனுப்பத்தக்க இரண்டு பரிந்துரைகளாக அவையின் முன் வைக்கப்படுகின்றன.