செல்வமும் பெருமிதமும்

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



ஒசூர் என்றதும் சிப்காட் ஆலைகளும் ரோசாத் தோட்டங்களும் நினைவுக்கு வரும். நாள்தோறும் ஜூஜூவாடி எல்லையைக் கடந்து பெங்களூருக்கு வேலைக்குச் செல்லும் இளைஞரையும் நாம் அறிவோம். அவர்களுள் சிலர் மாதச் சம்பளத்தைத் துறந்து, சேமிப்பை மட்டுமே முதலாக்கி, இணையவழித் தொழில் தொடங்குகின்றனர். அவர்தம் மனத்தின் ஏற்ற இறக்கங்களைத் தமிழ் எவ்வாறு பேசும் என்பதே என் பொருள்.

தொல்காப்பியர் மெய்ப்பாட்டை எட்டாக வகுத்தார். அவற்றுள் நான்கு இவர்களிடம் ஒன்றையொன்று துரத்தி வருகின்றன. முதல் வாடிக்கையாளர் பணம் செலுத்தும்போது உவகை, அடுத்த வாரம் எவரும் வாராதபோது அச்சம், "எங்கே வேலை?" என்று உறவினர் வினவுகையில் இளிவரல்; கடன் படாமல் ஓராண்டைக் கடந்தால் பெருமிதம்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. தொல்காப்பியர் செல்வத்தை உவகைக்கே நிலைக்களனாக்கினார். பெருமிதத்திற்கு அவர் கூறியவை கல்வி, தறுகண், புகழ், கொடை ஆகியன. செல்வம் அவ்வரிசையில் இல்லை.

ஸ்ரீதர் வேம்புவும் நண்பர்களும் 1996இல் அட்வென்ட்நெட் நிறுவனத்தைத் தொடங்கினர். வெளியார் முதலீட்டை நாடவில்லை. 2001 அளவில் தொலைத்தொடர்புத் துறை சரிந்தபோது வாடிக்கையாளர் பலரை இழந்தனர். வேறு மென்பொருள்களுக்குத் திரும்பிப் பிழைத்தனர். 2005இல் இணையவழிச் செயலிகளைத் தந்தனர். 2009இல் சோஹோ எனப் பெயர் மாறினர். இது வென்றவர் கதை.

வெல்லாதவர்க்கு நாம் என்ன சொல்வது? சி.சு. செல்லப்பா 1959இல் சொந்த முதலில் 'எழுத்து' இதழைத் தொடங்கினார். நூல்களைத் தாமே சுமந்து சென்று விற்றார். 1970இல் இதழ் நின்றது. செல்வம் சேரவில்லை, ஆயினும் அவ்விதழ் வளர்த்த புதுக்கவிதை நின்றது. கணக்கேட்டில் அது நட்டம். தொல்காப்பியர் கணக்கிலோ பெருமிதம்.

எனவே, தொழிலை மூடிவிட்டு வீடு திரும்பும் இளைஞனை நோக்கி, "எவ்வளவு போயிற்று?" என்று முதலில் கேளாதிருப்போம். "என்ன கற்றாய்?" என்று கேட்போம். ஆலைத் தொழிலாளியின் வியர்வையைப் பாடிய கவிஞர்களே, நள்ளிரவில் கணிப்பொறியின் முன் தனித்திருப்பவனின் அச்சத்தையும் பாடுங்கள். அவன் இளிவரலைத் துடைக்கும் சொல் இம்மன்றத்திலிருந்து பிறக்கட்டும்.