வான்வழித் தூரமும் வந்து சேரும் நேரமும்

(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



நான் ரயில்வே குமாஸ்தா. இந்த நிலையத்துக்குத் தூரம் இன்னது, வண்டி சேரும் நேரம் இன்னது என்று அட்டவணை பார்த்துச் சொல்வது என் அன்றாடத் தொழில். அத்தகைய நான் ஒருமுறை கணக்கில் தவறினேன். அதைச் சொல்லவே இங்கு நிற்கிறேன்.

பெங்களூருக்கும் அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோவுக்கும் வான்வழித் தூரம் ஏறத்தாழ 14,000 கிலோமீட்டர். இரண்டும் வடதுருவத்துக்கு இப்புறமும் அப்புறமுமாக அமைந்த ஊர்கள். உருண்டையின் மேல் நூலை இழுத்துப் பிடித்தால், அது வடக்கே துருவப் பகுதிவரை வளைந்து செல்லும். 2021 ஜனவரியில் ஏர் இந்தியா விமானமொன்று, பெண் விமானிகளே செலுத்த, அத்துருவப் பகுதி வழியாக எங்கும் இறங்காமல் பெங்களூர் வந்தது. பிடித்த நேரம் சுமார் 17 மணி.

தூரம் கூடினால் நேரமும் கூடும் என்பது வானத்தில் எப்போதும் பொருந்தாது. 2016இல் டில்லியிலிருந்து சான்பிரான்சிஸ்கோ செல்லும் விமானம் அட்லாண்டிக் வழியை விட்டுப் பசிபிக் வழியே சென்றது. தூரம் சுமார் 1,400 கிலோமீட்டர் கூடிற்று. நேரமோ ஏறக்குறைய இரண்டு மணி குறைந்தது. மேற்கிலிருந்து கிழக்கே வீசும் மேல்வானக் காற்று பின்னின்று தள்ளியதே காரணம்.

இவற்றையெல்லாம் நான் பின்னரே கற்றேன். சில ஆண்டுகளுக்கு முன், ஒரு மார்கழி மாதத்தில், பெங்களூரில் என் தமக்கையார் காலமானார். அவருடைய ஒரே மகன் சான்பிரான்சிஸ்கோவில் இருந்தான். “சனிக்கிழமை இரவு எட்டரைக்கு விமானம், மாமா. 17 மணி நேரப் பயணம்” என்று தொலைபேசியில் சொன்னான். உறவினர் என் முகத்தைப் பார்த்தனர். நம் நாட்டில் எங்கு ஏறி எங்கு இறங்கினாலும் ஒரே கடிகாரம், கூட்டினால் போதும். அப்பழக்கத்தில் எட்டரையோடு பதினேழைக் கூட்டி, ஞாயிறு பகல் ஒன்றரை என்றேன்.

மாலைவரை காத்திருந்தோம். விமானத்தில் இருப்பவனிடம் பேச வழியில்லை. வழியில் ஏதோ தடங்கல் என்று எண்ணிப் பெரியவர்கள் ஐந்து மணிக்கு எடுத்துவிட்டனர்.

திங்கள் விடியுமுன் அவன் வாசலில் வந்து நின்றான். விமானம் தாமதிக்கவேயில்லை. அங்கே சனி இரவு எட்டரை என்றால், இங்கே ஞாயிறு காலை பத்து மணி. அந்தப் பதின்மூன்றரை மணியை நான் கூட்டவில்லை.

அவன் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. “அம்மாவை எத்தனை மணிக்கு எடுத்தீர்கள், மாமா?” என்று மட்டும் கேட்டான். அந்நேரம் அவன் பாதி வழிகூட வந்திருக்கவில்லை.

நம் காலனியிலும் பல வீட்டுப் பிள்ளைகள் கடல் கடந்து வாழ்கின்றனர். அவர்கள் புறப்படும் நேரத்தைக் கேட்டு நாமே கணக்கிட வேண்டா. நம் ஊர்த் தேதியில், நம் ஊர் மணியில், எப்போது இறங்குவாய் என்று கேட்டு எழுதி வையுங்கள். அந்நகரின் கடிகாரம் குளிர்காலத்தில் நமக்குப் பதின்மூன்றரை மணியும் கோடையில் பன்னிரண்டரை மணியும் பின்தங்கியது என்பதையும் அருகில் குறித்துக்கொள்ளுங்கள்.

எனக்கு நேர்ந்தது உங்களில் ஒருவருக்கும் நேராதிருக்கட்டும்.