கறையான் சொன்ன சாட்சி



லண்டன் நீதிமன்றம் ஒன்றில் ஒருமுறை கறையானைப் பற்றி விசாரணை நடந்தது. வாசல் நிலையையும் பரணில் கிடக்கும் பழைய பத்திரங்களையும் அரிக்கிற நம்ம ஊர்க் கறையான்தான். 1980களில் நடந்த பத்தூர் நடராசர் வழக்கு அது. கும்பகோணம், திருவாரூர்ப் பக்கத்துப் பெரியவர்கள் பலருக்கு இன்னும் ஞாபகம் இருக்கும். தடய அறிவியல் என்றால் நமக்கு சினிமாவில் வரும் வெள்ளைக் கோட்டும் கண்ணாடிக் குடுவையும்தான் கண்ணுக்குத் தெரியும். அந்த அறிவியல் எதை வைத்து நிற்கிறது என்று புரிந்துகொள்ள, பத்தூர் வழக்கை விட நல்ல பாடம் எனக்குத் தெரிந்து வேறு இல்லை.

1976ஆம் ஆண்டு. அன்றைய தஞ்சாவூர் மாவட்டத்துப் பத்தூர். அங்கே விசுவநாத சுவாமி கோயில் இடிந்து கிடந்தது. பக்கத்தில் குடிசை போட்டிருந்த ஒரு கூலித் தொழிலாளி மண் வெட்டும்போது, மண்வெட்டி உலோகத்தில் பட்டு ஓசை கேட்டது. தோண்டினால் செப்புத் திருமேனிகள். அவற்றில் ஒன்று நடராசர். கலகக் காலத்தில் சாமியை மண்ணுக்குள் வைத்துக் காப்பாற்றுவது நம் பக்கத்துப் பழக்கம் அல்லவா? 1878ஆம் வருடத்துப் புதையல் சட்டப்படி சர்க்காருக்குத் தகவல் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. கைமாறிக் கைமாறி நடராசர் லண்டன் போய்ச் சேர்ந்தார். அங்கே ஒரு வியாபாரி பொய்யான பூர்வீகம் காட்டி, 1982இல் பம்பர் டெவலப்மெண்ட் கார்ப்பரேஷன் என்ற கனடா நாட்டுக் கம்பெனிக்கு விற்றார். விலை இரண்டரை லட்சம் பவுண்டு. வாங்கியவர்களுக்கு அது திருட்டுச் சொத்து என்று தெரியாது. விக்கிரகத்தைச் சீர்படுத்தக் கொடுத்திருந்த சமயத்தில் லண்டன் போலீஸ் கைப்பற்றியது. கம்பெனி போலீஸ் மேலேயே வழக்குப் போட்டது.

இந்திய அரசு, தமிழ்நாடு அரசு, கோயில் எல்லாம் எதிர்த்து நின்றன. அந்தக் கோயிலின் சிவலிங்கமே ஒரு கட்சிக்காரராக வழக்கில் சேர்க்கப்பட்டது. இங்கிலாந்து நீதிமன்றத்துக்கு அது புதுசு. நமக்குச் சாமி பெயரில் நிலம் இருப்பதும் சாமி பெயரில் வழக்கு நடப்பதும் பழகின சங்கதி.

ஆனால் வழக்கின் கழுத்தைப் பிடித்த கேள்வி ஒன்றுதான். பத்தூர் மண்ணில் கிடைத்த நடராசரும் லண்டனில் நிற்கும் நடராசரும் ஒருவர்தானா? சோழநாட்டில் நடராசருக்கா பஞ்சம்? கண்ணால் பார்த்தவர் சொல்வது மட்டும் போதவில்லை. தொல்லியல் அறிஞர் இரா. நாகசாமி லண்டனுக்குப் போய்ச் சாட்சி சொன்னார். பத்தூரில் கிடைத்த மற்ற விக்கிரகங்களோடு வைத்து, முகவெட்டு, ஆடை மடிப்பு, பீடத்தின் அமைப்பு எல்லாவற்றையும் ஒப்பிட்டார்கள். எதிர்த்தரப்பும் தன் நிபுணர்களைக் கொண்டுவந்தது. உலோகத்தைச் சோதித்தவர்கள் வந்தார்கள். விக்கிரகத்தில் ஒட்டியிருந்த மண்ணையும் பத்தூர் மண்ணையும் பார்த்தவர்கள் வந்தார்கள். புதைந்து கிடந்த காலத்தில் அதன்மேல் கறையான் கட்டிய தடமும் விசாரணைக்கு வந்தது. எல்லாவற்றையும் சேர்த்து எடைபோட்ட நீதிபதி இயன் கென்னடி, 1988இல் கோயிலுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். மேல்முறையீடும் தோற்று, 1991இல் நடராசர் தமிழ்நாடு திரும்பினார்.

இதில் நான் கவனிக்கச் சொல்வது இதுதான். லண்டனில் இருந்த பொருளை மட்டும் எத்தனை நாள் ஆராய்ந்தாலும் ஒன்றும் நிரூபணம் ஆகியிருக்காது. பக்கத்தில் வைத்துப் பார்க்க இங்கே மண் இருந்தது, கூடப் பிறந்த விக்கிரகங்கள் இருந்தன. தடய அறிவியல் பெரும்பாலும் ஒப்பிடுகிற வேலை. சந்தேகப் பொருள் ஒரு கையில் என்றால், சந்தேகமே இல்லாத மாதிரி மறு கையில் இருக்க வேண்டும்.

கொலை வழக்கில் போலீசார் எழுதும் பறிமுதல் மகஜரைப் படித்தவர்களுக்குத் தெரியும். ரத்தம் படிந்த மண் என்று ஒன்று எடுப்பார்கள். அடுத்த வரியிலேயே ரத்தக்கறை இல்லாத மாதிரி மண் என்று இன்னொன்று எடுப்பார்கள். சாட்சிக் கையெழுத்துப் போட வந்த கிராம நிர்வாக அலுவலரே, சும்மா கிடக்கிற மண்ணை எதற்கு டப்பாவில் போடுகிறார்கள் என்று யோசித்திருக்கலாம். வண்டல் மண்ணில் உரம் இருக்கும், மாட்டுச் சாணம் இருக்கும், வேறு எதுவும் இருக்கும். ஆய்வகத்தில் தெரிவது ரத்தத்தால் வந்ததா, மண்ணிலேயே இருந்ததா என்று பிரித்துச் சொல்ல அந்தச் சும்மா மண்தான் வேண்டும். எனக்கு அந்த இரண்டாவது டப்பாவின் மேல் தனி மரியாதை உண்டு.

ஒப்புமையிலும் இரண்டு படி இருக்கிறது. வயல் வரப்பில் ஒரு செருப்புத் தடம். எட்டாம் நம்பர், இன்ன கம்பெனி என்று தெரிகிறது. அது வகை அடையாளம்தான். திருவையாற்றுக் கடைத்தெருவில் அந்தச் செருப்பு நூறு பேர் காலில் இருக்கும். ஆனால் குதிகாலில் முள் குத்திய ஓட்டையும், ஓரத்தில் தேய்ந்த சரிவும் அந்தத் தடத்தில் பதிந்திருந்தால் கதை வேறு. அது தனி அடையாளம். கோர்ட்டில் நிபுணரைக் குறுக்கு விசாரணை செய்யும் வக்கீல், பெரும்பாலும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் கத்தியைச் செருகுவார். செருகத்தான் வேண்டும். வகை அடையாளத்தைத் தனி அடையாளம் போலச் சொல்லி ஒருவரை உள்ளே தள்ளிவிடக் கூடாது.

தனி அடையாளத்தில் மூத்தது விரல்ரேகை. கைரேகை பார்ப்பவர் சங்கு எத்தனை, சக்கரம் எத்தனை என்று எண்ணுவாரே, அந்தச் சுழிகளை வகைப்படுத்தி அடுக்கும் முறையை வங்காளத்தில் அசிசுல் ஹக், ஹேமச்சந்திர போஸ் என்ற இரண்டு காவல்துறை அலுவலர்கள் வகுத்தார்கள். பெயர் என்னவோ மேலதிகாரி எட்வர்ட் ஹென்றிக்குப் போனது. உலகின் முதல் விரல்ரேகைக் கூடம் 1897இல் கல்கத்தாவில் திறந்தது. ஆனால் பீரோவில் அழகாகப் பதிந்த ரேகையும், எதிரில் வைத்துப் பார்க்க ஓர் ஆள் கிடைக்கிறவரை ஊமைதான்.

அடுத்து, சம்பவம் நடந்த இடம். இரண்டு பொருள் தொட்டால் இரண்டும் ஒன்றிடம் ஒன்று எதையாவது விட்டுப்போகும் என்பது பிரான்சு நாட்டு எட்மண்ட் லோகார்டின் கருத்து. லியோன் நகரில் 1910இல் ஆய்வகம் வைத்தவர். அவர் சொன்னது திருடனுக்கு மட்டும் பொருந்தாது, வேடிக்கை பார்க்கப் போகும் நமக்கும் பொருந்தும். கிராமத்தில் ஒரு களவு என்றால் போலீஸ் வருவதற்குள் தெருவே வீட்டுக்குள் வந்துவிடுகிறது. ஒருவர் பீரோ கதவைத் தொட்டு, இப்படித்தான் திறந்திருப்பான் என்று விளக்குவார். இன்னொருவர், பாவம், சிதறிக் கிடப்பதை ஒழுங்காக எடுத்து வைப்பார். நல்ல எண்ணம்தான். அதனால் முதலில் வரும் காவலரின் முதல் வேலை கயிறு கட்டுவது. பிறகு எதையும் அசைக்காமல் படம், பக்கத்தில் அளவுகோல் வைத்து. பார்வை மகஜர், தூரம் அளந்து போட்ட வரைபடம். அதற்கப்புறம்தான் பொருளில் கை வைக்க வேண்டும்.

எடுக்கிற முறையும் முக்கியம். ரத்தம் பட்ட துணியை ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் கட்டினால் பூஞ்சை பிடித்து டிஎன்ஏ கெட்டுப்போகும். நிழலில் காயவைத்துக் காகித உறையில் போட வேண்டும். ஐப்பசி மழையில் நம் பக்கம் துணி காய்வது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பிறகு அரக்கு முத்திரை. நீதிமன்றம் வழியாக ஆய்வகத்துக்குப் பயணம். தஞ்சாவூரிலேயே வட்டாரத் தடய அறிவியல் ஆய்வகம் இருக்கிறது. கூடவே முத்திரையின் மாதிரியும் போகும். உறையில் உள்ள முத்திரை அதோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்த பிறகுதான் உறையைப் பிரிப்பார்கள். அங்கேயும் பாருங்கள், மாதிரி.

ஆற்றுப் பக்கம் வாழ்கிற நமக்கு இன்னொன்றும் தெரிந்திருக்கலாம். தண்ணீரில் ஒரு சடலம் கிடைக்கிறது. மூழ்கி இறந்தாரா, இறந்த பின் போடப்பட்டாரா? ஆற்றிலும் குளத்திலும் டயாட்டம் என்ற நுண்பாசி உண்டு. அதன் ஓடு சிலிக்காவால் ஆனது. அமிலத்தில்கூடக் கரையாது. உயிரோடு ஒருவர் தண்ணீரை உள்ளிழுத்தால், இதயம் துடித்துக்கொண்டிருப்பதால், அது நுரையீரலிலிருந்து ரத்தத்தில் கலந்து எலும்பு மஜ்ஜை வரை போய்விடும். அதனால் தொடை எலும்பைச் சோதிப்பார்கள். இது முழு நிச்சயமான சோதனை என்று யாரும் சொல்வதில்லை, நிபுணர்களுக்குள்ளேயே விவாதம் உண்டு. சோதனைக்கு எலும்போடு இன்னொன்றும் வேண்டும். சடலம் கிடைத்த இடத்துத் தண்ணீர். காவிரியில் இருக்கும் டயாட்டமும் ஊர்க் குளத்து டயாட்டமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. குடமுருட்டி ஆற்றில் கிடைத்த உடலின் மஜ்ஜையில் குளத்து இனங்கள் இருந்தால், விசாரணை குளத்தங்கரைக்குத் திரும்பும்.

2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம், ஏழு ஆண்டு அல்லது அதற்கு மேல் தண்டனை உள்ள குற்றங்களில் தடய அறிவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கே வர வேண்டும் என்கிறது. முழுமையாகச் செயல்படுத்த மாநிலங்களுக்கு ஐந்து ஆண்டு வரை அவகாசம் தந்திருக்கிறது. சோதனையும் பறிமுதலும் நடக்கும்போது ஒலி, ஒளிப்பதிவு செய்ய வேண்டும் என்றும் இருக்கிறது. நல்லதுதான். ஆனால் நிபுணர் வந்து சேர்வதற்குள் தெருவார் உள்ளே போய் வந்துவிட்டால், நிபுணருக்குக் கிடைப்பது தெருவாரின் தடம்தான்.

மறுபடி சாமிக்கே வருகிறேன், ஏனென்றால் இன்னொரு வழக்கு நமக்கு ரொம்பப் பக்கத்தில் இருக்கிறது. கும்பகோணத்துக்கு அருகே சுந்தரப்பெருமாள்கோயில் ஊரில் சௌந்தரராஜப் பெருமாள் கோயில். அங்கே திருமங்கை ஆழ்வாரின் செப்புத் திருமேனி ஒன்று. ஆழ்வார் ஆவதற்கு முன் வழிப்பறி செய்தவர் என்று கதை. அவரையே ஒருவர் தூக்கிக்கொண்டு போய்விட்டார். 1967இல் சாத்பீஸ் ஏலத்தில் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தின் அஷ்மோலியன் மியூசியம் அவரை வாங்கியது. ஊரில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. காரணம், கோயிலில் ஆழ்வார் இருந்தார். அது நகல் என்று பிற்பாடுதான் தெரிந்தது.

காட்டிக் கொடுத்தது ஒரு புகைப்படம். பாண்டிச்சேரியில் 1955இல் தொடங்கிய பிரெஞ்சு நிறுவனம் தமிழ்நாட்டுக் கோயில்களை ஊர் ஊராகப் போய்ப் படம் எடுத்தது. 1957இல் இந்த ஆழ்வாரையும் எடுத்திருக்கிறார்கள். அந்தப் படத்தையும் அஷ்மோலியன் விக்கிரகத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது இரண்டும் ஒன்றுதான். திருப்பித் தருவதற்கு 2024இல் ஆக்ஸ்போர்டு ஒப்புதல் கொடுத்தது. கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கம் அரியலூர் மாவட்டத்து ஸ்ரீபுரந்தான் நடராசர் ஆஸ்திரேலியாவிலிருந்து 2014இல் திரும்பியதற்கும் அந்த நிறுவனத்தின் படம் உதவியது. படம் எடுத்தவர்கள் திருட்டைக் கண்டுபிடிக்க வந்தவர்களில்லை. சிற்பமும் கோயிலும் படிக்க வந்தவர்கள்.

படம் எப்படி இவ்வளவு உறுதியாகப் பேசும் என்றால், நம் ஸ்தபதிகளின் வேலைமுறைதான் காரணம். சுவாமிமலையில் இன்றும் மெழுகில் உருவம் செய்து, காவிரி வண்டலைப் பூசிக் காயவைத்து, மெழுகை உருக்கி வெளியே விட்டு, உலோகத்தை ஊற்றுகிறார்கள். உடைத்தால்தான் சாமி வெளியே வரும். அச்சு அதோடு போய்விடும். ஆகவே அதே ஸ்தபதி அதே அளவில் இன்னொன்று செய்தாலும் சின்னச் சின்ன வித்தியாசம் வரத்தான் செய்யும். போதாததற்கு நூற்றாண்டுகளாக அபிஷேகத்தில் தேய்ந்த இடம், விழுந்து நசுங்கிய விரல், வார்க்கும்போது விழுந்த பள்ளம்.

உங்கள் ஊர்க் கோயிலில் செயல் அலுவலரின் அனுமதியோடு திருமேனிகளைப் படம் எடுத்து வைக்கும் வாய்ப்பு வந்தால், பக்கத்தில் அளவுகோல் வையுங்கள். எடையையும் உயரத்தையும் எழுதுங்கள். அலங்காரத்தோடு ஒரு படம் வீட்டுக்கு எடுத்துக்கொள்ளலாம், ஆய்வகத்துக்கு அது உதவாது. மாலையும் வஸ்திரமும் களைந்த நிலையில் அர்ச்சகரைக் கேட்டு எடுக்க வேண்டும். முன்பக்கத்தோடு நிறுத்திவிடாதீர்கள். நகல் செய்கிறவர் முகத்தில்தான் கவனம் வைப்பார். முதுகும் பீடத்தின் பின்புறமும் அடிப்பக்கமும் அவர் அசட்டையாக விடுகிற இடங்கள். அங்கேயும் இரண்டு படம் எடுத்துவிடுங்கள்.