துத்தநாகம்: சூளையிலிருந்து வயல் வரை

ஸ்ரீமுஷ்ணம் பூவராகர் கோயிலுக்கு விருத்தாசலம் வழியா போயிருக்கீங்களா? விருத்தாசலம் பீங்கானுக்குப் பேர்போன ஊர். அடுத்த தடவை ஒரு பீங்கான் பொம்மையைக் கையில எடுத்துப் பாருங்க. மேலே கண்ணாடி மாதிரி பளபளப்பு இருக்கும். அதுதான் கிளேஸ். பல கிளேஸ் கலவைகளில் சேர்கிற ஒரு வெள்ளைப் பொடி, ஜிங்க் ஆக்சைடு. ஜிங்க்னா நம்ம துத்தநாகம்.

இந்தப் பொடி தண்ணியில கரையாது. சூடாக்கினா மஞ்சளாகும், ஆறினா மறுபடி வெள்ளையாகிடும். சூளையில ஆயிரம் டிகிரி தாண்டினதும் மத்த பொருட்களை உருக வைக்க உதவும். ஆனா சூளைக்குள்ள காத்து பத்தாம புகை மண்டினா, கார்பன் மோனாக்சைடு அதிலிருக்கிற ஆக்சிஜனைப் பிடுங்கிடும். மிச்சம் வெறும் துத்தநாகம். அது 420 டிகிரியில உருகும், 907-லேயே ஆவியாகிடும். அப்புறம் கிளேஸில எங்கே நிக்கும்?

துத்தநாகத்தைப் பிரிச்செடுக்க நினைச்சவங்களுக்கும் இதே தலைவலிதான். இரும்பு, செம்பு மாதிரி உலையோட அடியில தங்காது. ஆவியா மேலே வந்து, காத்து பட்டதும் வெள்ளைப் புகையாகிடும். ராஜஸ்தானில் ஜாவர் மக்கள் இதுக்கு ஒரு வழி கண்டாங்க. கத்தரிக்காய் வடிவ மண் குடுவையைத் தலைகீழா வெச்சு, ஆவியைக் கீழே இறக்கிக் குளிர வெச்சாங்க. ஜெர்மனியில மார்கிராஃப் 1746-ல் துத்தநாகத்தைத் தனியா பிரிச்சுக் காட்டினதுக்குப் பல நூற்றாண்டு முன்னாடி!

சரி, வயலுக்கு வருவோம். நட்ட ரெண்டு மூணு வாரத்துல நெற்பயிர் வளராம நின்னு, இலையில துரு நிறத்துல புள்ளி வருதா? யூரியா பத்தலைன்னு நினைச்சு இன்னொரு மூட்டை போடுறவங்க உண்டு. குறை துத்தநாகத்துல இருந்தா யூரியா அதைத் தீர்க்காது. தண்ணி தேங்கின வயல்ல துத்தநாகம் மண்ணுலயே இருந்தாலும் வேருக்கு எட்டாம போயிடும். அதனாலதான் ஹெக்டேருக்கு 25 கிலோ ஜிங்க் சல்பேட்டை மணலோட கலந்து போடச் சொல்றாங்க. இது தண்ணியில கரையும். ஆனா டி.ஏ.பி.யோட கலக்காதீங்க. கலந்தா கரையாத ஜிங்க் பாஸ்பேட்டாகிடும். போட்ட காசு மண்ணோட மண்ணு.

கடைசியா நம்ம வீட்டு விஷயம். குழந்தைக்கு வயித்துப்போக்குன்னா ஓ.ஆர்.எஸ்.ஸோட ஜிங்க் மாத்திரையும் எழுதித் தருவாங்க, பெரும்பாலும் 14 நாளுக்கு. மூணாம் நாள் வயிறு சரியானதும் நாம மாத்திரையை நிறுத்திடுவோம். அங்கதான் தப்பு பண்றோம். வயித்துப்போக்குல உடம்பு இழந்த துத்தநாகம் திரும்பி வரணும். அடுத்த ரெண்டு மூணு மாசத்துக்கு அது மறுபடி வர்ற வாய்ப்பைக் குறைக்கிறதும் அந்த முழு கோர்ஸ்தான்.

வீட்டுல பாதி மாத்திரை அட்டை கிடந்தா, டாக்டர் எத்தனை நாள் எழுதினார்னு இன்னிக்கே சீட்டை எடுத்துப் பாருங்க. அடுத்த எபிசோடுல பார்ப்போம்!